லாரி போனால்தான் தூக்கம்

நம் திரில்லர்களில் மனநோய்க்கென்றே ஒரு சத்தம் இருக்கிறது. ‘சந்திரமுகி’யில் (2005) ராத்திரியில் கேட்கும் சலங்கை. அதே வருடம் வந்த ‘அந்நியன்’ படத்தில் முடி முகத்தை மறைத்து, குரல் கரகரத்தால் அம்பி போய்விட்டான் என்று புரிந்துவிடும். கௌதம் மேனனின் ‘நடுநிசி நாய்கள்’ (2011) பின்னணி இசையே இல்லாமல் வந்தது. அந்த அமைதியும் நம்மைப் பயமுறுத்தத்தான். எல்லாவற்றிலும் அவன் பயமுறுத்துவான், நாம் பயப்படுவோம்.

எங்கள் திருவொற்றியூர் வீட்டில் இது தலைகீழ். சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். பயந்துகொண்டே இருந்தது அவர்தான். ராத்திரி முழுக்க எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் உறுமும். எங்களுக்குத் தூக்கம் கெடும். அவருக்கு அப்போதுதான் கண் சொக்கும். “வண்டி போச்சுன்னா அவங்க பேசுறது கேக்காதுடா” என்பார்.

அங்கே ஒரு கேமராவை வைத்திருந்தால், பாயில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு மனுஷன் மட்டும்தான் தெரிவார்.

அவர் யாரையும் ஒரு அடி அடித்ததில்லை. ஆனாலும் தெருப் பசங்க “அந்நியன் வர்றான்டா” என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். முதலில் பால் பாக்கெட் வாங்கப் போவதை நிறுத்தினார். பிறகு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதையும்.

அந்த லாரிச் சத்தத்தை அவர் காதிலிருந்து யாராவது படமாக்க வேண்டும். கடைசி லாரியும் போய், தெரு அடங்கி, மெல்லப் பேச்சு தொடங்கும்போது, அவரோடு சேர்ந்து தியேட்டரும் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும்.