எழுதியதை யார் படிப்பது?

பிள்ளைகளை ஹோம்ஸ்கூலிங்கில் படிக்க வைப்பது என்று முடிவான பிறகு, கணக்கோ அறிவியலோ என்னைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது எழுத்து. பன்னிரண்டாவது வரை நான் தமிழ் மீடியம். இத்தனை வருஷம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தும், 'எ' வருமா 'தி' வருமா என்று ஒரு நொடி தயங்காமல் ஒரு மெயில்கூட அனுப்பியதில்லை. டெக்சஸில் வளரும் பிள்ளைகளுக்கு நானா ஆங்கிலக் கட்டுரை சொல்லித்தருவது?

சட்டம் இதைக் கேட்கவும் இல்லை. 1994இல் லீப்பர் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், முறையாக நடக்கும் வீட்டுக் கல்வியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை இருக்க வேண்டும். பாடம் புத்தகத்திலும் இருக்கலாம், கணினி, வீடியோத் திரையிலும் வரலாம் என்றது தீர்ப்பு. கட்டுரை எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

ஆகவே வீடியோ பாடம் தேடினோம். திரையில் ஒரு நல்ல வாத்தியார் சொல்லிக்கொடுத்தால் என் ஆங்கிலத்துக்கு வேலை இருக்காது இல்லையா?

மாதிரிப் பாடங்கள் பார்த்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஐ.இ.டபிள்யூ. என்ற பாடத்திட்டத்தில் முதலில் ஒரு சின்னப் பத்தியைப் படிக்க வேண்டும். வாக்கியத்துக்கு மூன்று சொல் வரை குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டு, குறிப்பை வைத்துத் திரும்ப எழுத வேண்டும். 'லி'யில் முடியும் ஒரு வினையடை வந்ததா, வலுவான வினைச்சொல் இருக்கிறதா என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் உண்டு. ஜூலி போகார்ட்டின் 'பிரேவ் ரைட்டர்' வேறு மாதிரி. பிள்ளை சொல்ல வருவதிலிருந்து தொடங்கச் சொல்கிறது. சின்னப் பிள்ளை வாயால் சொல்வதைப் பெற்றோரே எழுதிவைக்கலாம்.

எட்டு வயது மகள் மாதிரி வீடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நான் எழுதினத இந்த அங்கிள் படிப்பாராம்மா?"

சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கித் திருத்தித் தருகின்றன. ஆனால் அவள் கேட்டது திருத்துவதைப் பற்றி அல்ல.

பெஞ்சமின் பிராங்ளின் பள்ளிக்கூடத்தை விட்டது பத்து வயதில். 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரைகளிலிருந்து குறிப்பெடுத்து, சில நாள் கழித்துத் தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பழகியதைச் சுயசரிதையில் சொல்கிறார். மூன்று சொல் குறிப்புக்கு இதைத் தாத்தா என்றே சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றும் அதில் இருக்கிறது. நண்பனோடு விவாதித்து அவர் எழுதிய கடிதங்கள் அப்பா கண்ணில் பட்டன. விவாதத்துக்குள் போகாமல், எழுத்தில் தெளிவும் ஒழுங்கும் எங்கே குறைகிறது என்று இடம் காட்டிச் சொன்னார் அப்பா. அவர் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து பிழைத்தவர்.

நாங்கள் குறிப்பெடுக்கும் வழியையே எடுத்தோம். வீடியோ பார்க்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு நாள் மகள் ஆச்சியைப் பற்றி எழுதினாள். ஆச்சி மெதுவாகக் காய் நறுக்குகிறாள் என்று, பட்டியல் கேட்ட 'ஸ்லோலி' போட்டு.

"ஆச்சி மெதுவாவா நறுக்குவா?"

"இல்ல, டக்குடக்குனு. பேசிக்கிட்டே."

"எதுல?"

"அருவாமணைல."

"அப்ப அத எழுது."

"அதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?"

எனக்கும் தெரியவில்லை. மரப்பலகை, அதில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் இரும்பு, கத்தி நகராது, காய்தான் நகரும் என்று அரை மணி நேரம் பேசினோம். ஐந்து வாக்கியம் எழுதினாள். 'ஸ்லோலி' போயிற்று. அந்த வேலையைத் திரையில் இருப்பவர் செய்திருக்க முடியாது. அவருக்கு ஆச்சியைத் தெரியாது.

பாடத்திட்டம் தேடும் தோழிகளிடம் இப்போது நான் விலையை முதலில் கேட்பதில்லை. வீடியோ எவ்வளவு நேரம், அது முடிந்ததும் பிள்ளை யாரிடம் நோட்டைக் கொண்டுபோகும், அவரிடம் என்ன கேட்கச் சொல்லித்தருகிறது பெற்றோருக்கான கையேடு என்றுதான் கேட்கிறேன். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க முடியும். கமாவை வீடியோ பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் அந்தக் கட்டுரையை ஆச்சிக்குத் தமிழில் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னாள்: "ஒரு கால மடக்கிப் பலகை மேல வச்சுக்கிட்டுல்லா உக்காருவேன்? அத விட்டுட்டியே."

மகள் பென்சிலைத் தேடப் போனாள்.