அக்கரையில் இரண்டு பெட்டி கேக்

அப்பா பிறந்தது ஜோகூர் பாருவில். திருமணத்துக்குப் பிறகு சிங்கப்பூர்வாசி ஆனார். பாட்டி காலமானதும் வீட்டை விற்றதில் சித்தப்பாவுடன் மனத்தாங்கல். அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். ஆறு ஆண்டுகள். போன மாதம் அவராகவே, “அம்மன் கோயிலுக்குப் போய்வரலாமா?” என்றார்.

உட்லண்ட்சிலிருந்து ரயிலில் ஐந்தே நிமிடம். (டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வார இறுதியில் கிடைப்பது கடினம்.) 1855ல் தஞ்சோங் புத்ரி என்று தொடங்கிய ஊர் 1866ல் ஜோகூர் பாரு ஆனது, 1924ல் திறந்த கடற்பாலத்தை 1942ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை உடைத்தது என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டியதாயிற்று.

ஜாலான் உங்கு புவானில் மல்லிகை மணம். ராஜமாரியம்மன் சன்னிதியில் அப்பா நெடுநேரம் நின்றார். பாட்டி கைப்பிடித்து அழைத்துவந்த கோயில். நான் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஜாலான் தான் ஹியோக் நீ. பழைய கடைவீடுகளுக்கு நடுவே புதுக் காப்பிக் கடைகள். ஹியாப் ஜூ பேக்கரியில் இன்றும் விறகடுப்புதான். வாழைப்பழக் கேக்குக்கு நீண்ட வரிசை. அதில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்!

அப்பா இரண்டு பெட்டி கேட்டார்.

“எதற்குப்பா இரண்டு?”

“உன் சித்தப்பாவுக்கு இது பிடிக்கும்.” கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “நீயே கூப்பிடும்மா.”