பன்னிரண்டுக்குப் பதினொன்று

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. திருப்புதல் தேர்வுக்கு அந்தப் பன்னிரண்டைத் தயாரிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு பல வருடம் திரிந்தேன். "என் தாளில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு யாரும் வாங்க முடியாது" என்று ஆசிரியர் அறையில் டீ குடித்தபடி சொல்வேன். வெட்கமில்லாமல், பெருமையாக.

அந்தப் பெருமையின் லட்சணம் இது: "பின்வருவனவற்றுள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கடத்தாத தமனி அல்லாதது எது?" நுரையீரல் தமனி மட்டும் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை எடுத்துச் செல்கிறது என்பது, இதயப் பாடத்தை ஒழுங்காகப் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்புறம் என் சாமர்த்தியம் எங்கே தெரிவது? அதனால் முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டேன். விடைக்குறிப்பு எழுதும்போது நானே தடுமாறினேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

இன்னொரு தாளில் நீரின் கொதிநிலையைக் கேட்டு, விடைகளில் 100, 373 இரண்டையும் வைத்தேன். அலகு போடவில்லை. செல்சியஸில் அது சரி, கெல்வினில் இது சரி. 373 எழுதியவர்களுக்கெல்லாம் தவறு போட்டேன்.

இத்தனை கெடுபிடிக்கும் நடுவே, சரியான விடையை மட்டும் நீட்டி முழக்கி எழுதும் பழக்கம் எனக்கு. "மேற்கண்ட அனைத்தும்" என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எழுதலாம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திறக்காமலே ஒன்பது வாங்கினான். "எது நீளமோ அத டிக் அடிச்சேன் சார்" என்றான். என் மாணவர்களில் என்னை முழுதாகப் படித்தவன் அவன்தான்.

கடைசியாகக் கண்ணாடி. "கண்ணாடியின் மீது சாய்வாக விழும் ஒளிக்கதிருக்கு நிகழ்வது எது?" என் மனதில் இருந்தது கண்ணாடிப் பாளம், விடை ஒளிவிலகல். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பெண் எதிரொளிப்பு என்று எழுதியிருந்தாள். தாளோடு வந்து நின்றாள். "சார், கண்ணாடில முகந்தான தெரியுது?"

பாடநூலில் முகம் பார்ப்பது ஆடி. வீட்டில் அதுவும் கண்ணாடிதான். ஜன்னலில் இருப்பதும், தாத்தா மூக்கில் மாட்டியிருப்பதும் கண்ணாடிதான். அது மட்டுமா, பாளத்தின் மேல் விழும் ஒளியிலும் ஒரு பகுதி எதிரொளிக்கத்தான் செய்கிறது. எப்படிப் பார்த்தாலும் அவள் எழுதியது தப்பில்லை. "பாளத்தினுள் நுழையும்" என்று இரண்டு சொல் நான் எழுதியிருந்தால் வம்பே இல்லை.

இதெல்லாம் அவள் கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் சங்கடம். தெரிந்தும், "கேள்வியை ஒழுங்காப் படிம்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இப்போது வினாத்தாளை நகலெடுக்கக் கொடுக்குமுன் எங்கள் தமிழாசிரியையிடம் காட்டுகிறேன். அவருக்கு இயற்பியல் தெரியாது, அதனால்தான் அவரிடம். "இதுல என்னதான் கேக்குறீங்க சார்?" என்று அவர் புருவத்தைச் சுருக்கினால் கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் தாளில் மற்ற பதினொன்றும் சரி. பதிவேட்டில் இன்னும் 11 என்றே இருக்கிறது. நான் திருத்தவில்லை.