நூறு மீட்டருக்குப் பின்

தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் மாணவி ஒருவர், சென்ற பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியபோது பெட்டியில் பழைய கேம்பாய் ஒன்றையும் எடுத்துவந்தார். சிங்கப்பூரில் வேலைபார்த்த தாய்மாமா எப்போதோ வாங்கிவந்து, பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த கருவி அது. நான்கு பென்சில் பேட்டரிகளைப் போட்டதும் உயிர்பெற்றது. அதில் செருகியிருந்தது ஒரே ஓர் ஆட்டம்: 1994ஆம் ஆண்டின் ‘டாங்கி காங்’.

அவருடைய ஆய்வேடு அப்போது முதல் இயலிலேயே நின்றுபோயிருந்தது. பொருள், நன்னூல் உரைகள். முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் பகுதி மட்டும் நூறு பக்கங்களைக் கடந்திருந்தது. ஒருவர் கருத்தும் விடுபடவில்லை. ஒரு மேற்கோளும் பிழையில்லை. முழுவதையும் படித்த நெறியாளர் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “இதில் உங்களுடையது எங்கே?” அதன்பின் இரண்டு மாதங்களாக அவர் ஒரு பத்தியும் எழுதவில்லை. இரவுகளில் மேசை விளக்கின் கீழ், தனக்கென ஒளியில்லாத அந்தச் சிறு திரையைச் சாய்த்துப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார்.

‘டாங்கி காங்’ முதன்முதலில் 1981இல் ஆர்கேட் பெட்டியாக வந்தது. அதுவும் வெறுமையிலிருந்து பிறந்ததன்று. அமெரிக்காவில் விற்பனையாகாமல் தேங்கிய ‘ரேடார் ஸ்கோப்’ பெட்டிகளை எப்படியாவது பயன்படுத்த வேண்டிய நெருக்கடி நிண்டெண்டோவுக்கு. பொறுப்பு இளைஞர் ஷிகெரு மியாமோட்டோவிடம் வந்தது. கும்பே யோகோய் மேற்பார்வையிட்டார். பாப்பாய் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்காததால், அவற்றின் இடத்தில் ஒரு தச்சன், ஒரு பெண், ஒரு குரங்கு. அந்தத் தச்சனே பின்னாளில் மாரியோ ஆனான். ஆட்டத்தில் நான்கே கட்டங்கள்: 25, 50, 75, 100 மீட்டர். நூறாவது மீட்டரில் குரங்கு தலைகீழாக விழும்; இருவரும் சேர்வார்கள். உடனே எல்லாம் முதலிலிருந்து, இன்னும் கடினமாகத் தொடங்கும். அந்த ஆட்டத்துக்கு முடிவென்று ஒன்றை யாரும் எழுதவில்லை. 22ஆம் நிலையில் நேரத்தைக் கணக்கிடும் நிரலின் பிழையால், ஏறி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். அதுதான் எல்லை.

1983இல் இந்த ஆட்டம் ஃபாமிகாம் வழியாக வீடுகளுக்குள் வந்தபோது, நான்கில் ஒரு கட்டம், 50 மீட்டர், விடுபட்டிருந்தது. 1994இன் கையடக்கப் பதிப்பு நான்கையும் மீட்டது. 160க்கு 144 புள்ளிகள், நான்கு சாயல்கள் மட்டுமே கொண்ட திரை. செங்குத்தாக நின்ற ஆர்கேட் காட்சியை அதற்குள் அடக்கவே முடியாதென்று தோன்றும்; அடக்கியிருக்கிறார்கள்.

முதல் இரவு மாணவி நான்கு கட்டங்களையும் முடித்தார். குரங்கு விழுந்தது. அவ்வளவுதான் என்று எண்ணி அணைக்கப் போனார். அப்போது விழுந்த குரங்கு எழுந்தது. பாலினைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மாரியோ துரத்தினான். நகரம், காடு, கப்பல், பாலைவனம், விமானம், பனிப்பாறை, கோபுரம் என ஒன்பது உலகங்களில் இன்னும் 97 கட்டங்கள் காத்திருந்தன.

அந்த 97இல் விதியே வேறு. உச்சியை அடைவது மட்டும் போதாது. பெரும்பாலான கட்டங்களில் எங்கோ கிடக்கும் சாவியைத் தூக்கிச் சென்று பூட்டிய கதவைத் திறக்கவேண்டும். சாவியைக் கீழே வைத்துவிட்டு அதிக நேரம் அகன்றால், அது எடுத்த இடத்துக்கே திரும்பிவிடும். 1981இன் மாரியோவுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுவது, ஏறுவது, தாண்டுவது, சுத்தியலை வீசுவது. சற்று உயரத்திலிருந்து விழுந்தாலே இறந்துபோவான். 1994இன் மாரியோ கைகளில் நிற்கிறான். அந்நிலையில் மேலிருந்து விழுபவற்றைக் கால்களால் தடுக்கிறான். பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து உயரம் தாண்டுகிறான். விழுந்தாலும் பல வேளைகளில் உருண்டு எழுகிறான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. ஆடிய இடத்தை நினைவில் வைத்திருக்கும் சிறு மின்கலம் கார்ட்ரிட்ஜுக்குள் செத்துப்போயிருந்தது. அணைத்தால் எல்லாம் அழியும். ஒவ்வோர் இரவும் 25 மீட்டரிலிருந்துதான் தொடங்கவேண்டும். முதல் சில நாள்கள் அவருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தார். புதிய வித்தைகள் பழைய நான்கு கட்டங்களிலும் செல்லுபடியாகின்றன. பின்குட்டிக்கரணத்தை அந்தப் பழைய இரும்புத் தளத்திலேயே அடிக்கலாம். வித்தை தொடக்கம் முதலே கையில் இருந்திருக்கிறது. பழைய பாதை என்பதால் பழைய நடையே போதுமென்று அவர் எண்ணியிருந்தார்.

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை மூன்றாகப் பகுக்கும் நன்னூற் சூத்திரங்களை அவர் எத்தனையோ முறை படியெடுத்திருக்கிறார். வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு முற்றும் ஒத்திருக்கும்; அதோடு பின்வந்தவன் தான் வேண்டிய வேறுபாட்டையும் சொல்லும். இதுவரை அவர் முதற்பாதியிலேயே நின்றிருந்தார். நூறு பக்கங்களும் ஒத்திருந்தன. வேறுபாடு ஒரு வரிகூட இல்லை. அதற்காக முதற்பாதியை விட்டுவிடவும் இயலாது. குரங்கு எழுந்து ஓடும்போது உண்டாகும் வியப்பு, அது விழுவதுதான் முடிவென்று நம்பியவருக்கே உரியது. நான்கு கட்டங்களையும் சுருக்கியிருந்தால் அந்த நம்பிக்கை பிறந்திராது; அவற்றோடு நின்றிருந்தால் அது வெறும் மறுபதிப்பு. இந்த வழிநூலுக்கும் பின்னர் வழிநூல் உண்டாயிற்று. 2004இல் இதன் முறையைத் தொடர்ந்து ‘மாரியோ வெர்சஸ் டாங்கி காங்’ வந்தது. அதுவும் 2024இல் ஸ்விட்ச் கருவிக்காகப் புதுப்பிக்கப்பட்டது.

தம் ஆய்வுப்பொருளிலும் அதே அமைப்பு இருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கரநமச்சிவாயரின் நன்னூல் விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்தினார். பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டார். சில இடங்களில் நீக்கினார், சில இடங்களில் சேர்த்தார். முன்னவர் முடித்த எந்த இடத்தில் பின்னவர் எழுந்து நடக்கிறார் என்பதைத்தான் ஆய்வேடு காட்டவேண்டும். நூறு பக்கங்களில் அவர் இருவரையும் அடுத்தடுத்து அமரவைத்திருந்தார். அந்த இடத்தைத் தேடவேயில்லை.

பாலிகா பஜாரில் ஒரு கடைக்காரர் பழைய மின்கலத்தை அகற்றிப் புதியதைப் பற்றவைத்துக் கொடுத்தார். இப்போது ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பாலைவனம்வரை வந்திருக்கிறார். முன்னாய்வுப் பகுதி நாற்பது பக்கங்களாகக் குறைந்தது. இரண்டாம் இயலின் வரைவு சென்ற மாதம் நெறியாளரின் கைக்குப் போயிற்று. திரும்பி வந்த படியில் திருத்தங்கள் ஏராளம். நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் நெறியாளர் கேட்டிருந்தார்: “இது யார் சொன்னது? மேற்கோள் எங்கே?”

மாணவி தம் குறிப்பட்டைகள் அனைத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். எதிலும் அது இல்லை. அந்த வாக்கியம் அவருடையது.