எஜமான் செய்த காரியம்

எங்கள் வீட்டில் எஜமான் நான்தான். என் மனைவியின் அனுமதி பெற்றுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எஜமான் என்ற தோரணையில் நான் செய்த ஒரு காரியத்தால், அவள் தன் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் திண்ணையில் நிற்கும்படி ஆகிவிட்டது. வீடு என்றால் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு அல்ல, அவளுடைய லாப்டாப். லினக்ஸ் கணினியில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய இடத்துக்குப் பெயரே 'ஹோம்', அதாவது வீடு!

அந்த லாப்டாப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவ மாணவிகளுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியதல்லவா? அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது அது. விண்டோஸோடுகூட 'பாஸ்' என்ற லினக்ஸும் அதில் இருந்தது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். சி-டாக் என்னும் மத்திய அரசு ஸ்தாபனத்தின் சென்னைப் பிரிவு தயாரித்து, 2007-ல் வெளியிட்டது. நாளடைவில் விண்டோஸ் தள்ளாடத் தொடங்கிற்று. லினக்ஸ் மட்டும் கிழவி போல் மெதுவாக, ஆனால் தளராமல் நடமாடிக் கொண்டிருக்கிறது.

டியூஷன் பிள்ளைகளுக்கு என் மனைவி தயாரித்த கேள்வித்தாள்கள், வீட்டுக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, காலமான என் மாமனார் பேரனுக்குக் கதை சொன்ன குரல் — எல்லாம் அதற்குள்ளேதான். வேறெங்கும் பிரதி கிடையாது.

அன்றிரவு மின்சாரம் போய் வந்தது. லாப்டாப்பைத் திறந்தால் வழக்கமான படத் திரையைக் காணோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் மட்டும்.

"ஏங்க, காலையிலே பிள்ளைகள் வந்துடும். நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

கல்லூரியில் படித்தவன் அல்லவா? படத் திரையை எழுப்பும் 'ஸ்டார்ட் எக்ஸ்' என்ற கட்டளையைத் தட்டினேன். அனுமதி இல்லை என்று பதில் வந்தது. எனக்கா அனுமதி இல்லை? அதற்கு முன்னால் 'சூடோ' என்ற வார்த்தையைச் சேர்த்துத் தட்டினேன். "எஜமான் உத்தரவு, மறுபேச்சுப் பேசாதே" என்று அர்த்தம். படத் திரை பளிச்சென்று வந்துவிட்டது. மார்தட்டிக் கொண்டு படுக்கப் போனேன்.

மறுநாள் காலை லாப்டாப் தானாகவே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அவள் கொடுத்தாள். திரை ஒரு விநாடி இருண்டது. மறுபடி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது! பத்துத் தடவை முயன்றோம். பாஸ்வேர்ட் தப்பு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாவி திரும்புகிறது, கதவு திறக்கிறது, உள்ளே கால் வைத்ததும் யாரோ பிடித்துத் திண்ணையிலே கொண்டு வந்து விட்டுவிடுகிறார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்மா" என்றார் கடைக்காரர்.

"உள்ளே இருக்கிறது?"

"போயிடும்."

என் மனைவி லாப்டாப்பைப் பையில் வைத்துக் கொண்டு ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தாள். வழி முழுவதும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்காமல், வீட்டுக்கு வந்ததும் முன்பு படித்தது ஒன்று நினைவுக்கு வர, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். எழுத்துத் திரை வந்தது. அதே பெயர், அதே பாஸ்வேர்ட். உள்ளே விட்டுவிட்டது! அதாவது, உள்ளே இருக்கும் சாமான்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. படம் போட்டுக் காட்டுகிறவனிடம்தான் ஏதோ தகராறு.

அந்தப் படம் போடுகிறவனுக்குப் பெயர் 'எக்ஸ்'. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1984-ல் பிறந்தவன். கண்ட கண்டவர்களெல்லாம் திரையில் எழுதிவிடாதபடி, உள்ளே வருகிறவருக்கு ஒரு ரகசிய டோக்கன் கொடுத்து, அதை அவர் வீட்டிலுள்ள 'எக்ஸ் அதாரிட்டி' என்ற ஃபைலில் குறித்து வைப்பது ஏற்பாடு. டோக்கனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மாஜிக் குக்கி' — மந்திர பிஸ்கட்! அந்த ஃபைலின் பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பிப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. எல்.எஸ். என்று தட்டி, இடம் விட்டு, ஒரு சிறு கோடும் எல்.ஏ.யும் சேர்த்தால்தான் ஜாபிதா முழுவதும் வரும். ஒவ்வொரு ஃபைலும் யாருக்குச் சொந்தம் என்பதும் தெரியும்.

ஜாபிதா வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

"எல்லாம் என் பேரிலே இருக்கு. இது மட்டும் ஏன் 'ரூட்' பேரிலே இருக்கு?"

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. லினக்ஸில் சர்வாதிகாரம் படைத்த எஜமானுக்குத்தான் 'ரூட்' என்று பெயர். முதல் நாள் இரவு நான் சூடோ போட்டுத் திரையை எழுப்பியபோது, அந்த ஃபைலை எஜமான் எழுதி, தன் பேரில் வைத்துக் கொண்டுவிட்டான். மறுநாள் வீட்டுக்காரி வந்து தன் டோக்கனைக் குறிக்கப் போனால், அதில் எழுத அவளுக்கு உரிமை இல்லை. டோக்கன் இல்லையேல் திரை இல்லை. திரை இல்லையேல் திண்ணைதான்.

பரிகாரம் ஒரே வரி. 'சேஞ்ச் ஓனர்' என்பதைச் சுருக்கி சி, எச், ஓ, டபிள்யூ, என் என்று ஒரு கட்டளை. சூடோ, அதன் பின் இது, அதன் பின் அவள் பெயர், கடைசியில் ஃபைலின் பெயர். எஜமான் அதிகாரத்தை இந்தத் தடவை, பிடுங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்காக உபயோகித்தேன். 'ஐஸ் அதாரிட்டி' என்று இன்னொரு ஃபைலும் ரூட் பேரில் இருந்தது, அதையும் மாற்றினேன். மறுபடி பாஸ்வேர்ட் கொடுத்தாள். திரை மலர்ந்தது.

இதே கஷ்டம் உங்கள் வீட்டில் வந்தால், சகோதரிகளே, அவசரப்பட்டு எதையும் அழிக்கச் சம்மதிக்காதீர்கள். எழுத்துத் திரையில் போய், ஃபைல் யார் பேரில் இருக்கிறதென்று பாருங்கள். டி.எஃப். என்று தட்டி, டிஸ்க் நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். இடமில்லாவிட்டாலும் இப்படித்தான் திண்ணைக்கு அனுப்பும். 'டெம்ப்' என்ற பொதுக் கூடத்தில் எல்லோரும் எழுத உரிமை இருக்க வேண்டும். அது போயிருந்தாலும் இதே கதைதான். எல்லா ஃபைல்களுக்கும் எல்லா உரிமையும் கொடுக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். அது சாவி தொலைந்ததற்காக வாசற்கதவையே கழற்றி வைப்பது போல. வேண்டாம்.

முதல் வேலையாக மாமனாரின் குரலை இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். பிறகு அவள் அதைப் போட்டுக் கேட்டாள். பையன் ஓடி வந்து மடியில் உட்கார்ந்து கொண்டான். கதையின் நடுவே அவர் இருமுகிற இடத்தில் அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே இதிலே எதைத் தொட்டாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள்.

"உத்தரவு" என்றேன். சூடோ எதுவும் போடாமல், காபி போட எழுந்து போனேன்.