பத்துக்கு எத்தனை?

எங்கள் அப்பா வாழ்க்கையில் யாரிடமும் கடன் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை, இரண்டாவது காபி கேட்டதில்லை. 34 வருஷம் ஆபீஸ் உத்தியோகம், கடைசியில் ஹெட் கிளார்க். வாய் திறந்து கேட்பதே அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அப்பேர்ப்பட்டவருக்கு 2022-ல் கேன்சர் வந்து எலும்புக்கும் பரவிவிட்டது. "இனி வலியில்லாம பார்த்துக்குங்க" என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பி வைத்தார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. சீட்டில் மார்ஃபின் மாத்திரை, பக்கத்தில் 'எஸ்.ஓ.எஸ்.' அதாவது, தேவைப்பட்டால் மட்டும்.

கப்பல் மூழ்கும்போது அனுப்புவார்களே, அதே மூன்று எழுத்து. அப்பாவோ கப்பல் முழுசாக மூழ்கினாலும் தந்தி அடிக்கிற ஆசாமி இல்லை.

"வலிக்குதாப்பா?"

"பரவால்லடா."

நானும் விட்டுவிட்டேன். நிஜத்தைச் சொல்வதென்றால், அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட. மார்ஃபின் என்றாலே சினிமா வில்லன் சமாசாரம். பழக்கமாகிவிட்டால்? தவிர, பி.காம். புத்தி. அட்டையில் மாத்திரை மிச்சமிருப்பதைச் சேமிப்புக் கணக்கில் வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கட்டில் கிறீச்சிடும். தூக்கம் வராமல் புரள்கிறார் என்று நினைத்து, நான் தூங்கிப் போவேன்.

ஒன்பதாம் நாள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். வயசு 25 இருக்கும். இந்த மாதிரி நோயாளிகளைப் பார்ப்பதற்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர். வலிக்குதா என்று அவர் கேட்கவே இல்லை.

"தாத்தா, வலியே இல்லேன்னா பூஜ்யம். தாங்கவே முடியலேன்னா பத்து. இப்ப பத்துக்கு எத்தனை?"

அப்பா யோசித்தார். புகார் சொல்வது வேறு, கணக்குச் சொல்வது வேறு. கணக்கு என்று வந்துவிட்டால் ஹெட் கிளார்க் பொய் சொல்ல மாட்டார்.

"எட்டு."

"ராத்திரியில?"

"ஒன்பது. ஒன்பதரைன்னே போட்டுக்கோம்மா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நர்ஸ் டாக்டருக்கு போன் போட்டார். எஸ்.ஓ.எஸ். போய், நாலு மணிக்கொரு தரம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்று ஆயிற்று. படுக்கப் போகும்போது இரட்டை டோஸ், நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக. மார்ஃபின் மலச்சிக்கல் கொடுக்கும் என்பதால் அதற்கும் கூடவே ஒரு மருந்து.

"பழக்கமாயிடாதா சிஸ்டர்?"

"வலிக்கு, டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அந்தப் பயம் வேண்டாம் சார். வலி வந்தப்புறம் மாத்திரை தேடுறது, தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டுற மாதிரி."

இது அந்தப் பெண்ணின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வலி திரும்பி வருவதற்குள் மருந்து என்பதை, நர்ஸாக இருந்து டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் லண்டனில் தொடங்கிய ஆஸ்பத்திரியில் நடத்திக் காட்டினார். 'முடிந்தவரை வாய் வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக' என்று உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வழிமுறையே வகுத்துவிட்டது. நம் ஊரில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினைக் கேன்சர்காரர்களுக்கும் எட்டாக்கனி ஆக்கியது. அதைத் தளர்த்த 2014 ஆயிற்று. இடையில் 1993-லேயே கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் இதற்கென ஒரு சங்கம் ஆரம்பித்து, வீடு வீடாகப் போக வழி செய்தார்கள்.

வழிமுறை இருந்தது. மருந்தும் என் அலமாரியில் இருந்தது. கேட்கத் தெரிந்த ஆள்தான் ஒன்பது நாள் இல்லை.

நர்ஸ் என்னை ஒரு நோட்டுப் போடச் சொன்னார். மணி, மாத்திரை, பத்துக்கு எத்தனை. பி.காம். படிப்புக்கு ஒருவழியாக உபயோகம் வந்தது. எட்டு, ஆறு, ஆறு, நாலு. ஐந்தாம் நாள் காலையில் 'இரண்டு'. குறிப்பு என்ற இடத்தில் நான் எழுதியிருப்பது: 'இன்னொரு காபி கிடைக்குமா என்று கேட்டார்.'

அதற்கப்புறம் 41 நாள் இருந்தார். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாம் சரியாக டேலி ஆகிறது, அந்த முதல் ஒன்பது நாள் தவிர.

உங்கள் வீட்டிலும் ஒரு 'பரவால்லடா' அப்பா இருப்பார். தப்பித்தவறி அப்படி ஒரு நாள் வந்தால், வலிக்குதா என்று கேட்காதீர்கள். பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்.