சீரகம் தூக்கலாக

மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். கேக் வேண்டாம், லோடட் ஃப்ரைஸ் வேண்டும் என்றாள். அதுவும் டெக்ஸ்-மெக்ஸ். தோழிகளோடு ஒரு கடையில் சாப்பிட்டிருக்கிறாள். ஒரு தட்டு 289 ரூபாய். நாலு பேர் பங்கு போட்டதில் தனக்குப் பதினோரு துண்டுதான் வந்தது என்று கணக்குச் சொன்னாள். "வீட்டுலயே செஞ்சிரலாம்மா. ஆனா கறி போட்டு." கடைசி மூன்று சொற்களைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

கணவரைப் பிரிந்து நான் திருச்சிக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. தனியாக வாழும் பெண் வீடு தேடும் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கேள்வி, "சார் என்ன பண்றாரு?" இரண்டாவது, "நீங்க சைவமா?" இரண்டுக்கும் உண்மையைச் சொன்னதில் மூன்று வீடுகள் போயின. நான்காவது வீட்டில் முதல் கேள்விக்கு உண்மையும் இரண்டாவதற்குப் பொய்யும் சொன்னேன். இரண்டு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கும் வீடு எனக்குக் கிடைக்கவில்லை. சைவமா என்ற கேள்வி சாப்பாட்டைப் பற்றியதல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியை நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் குழம்பைக் கேட்கிறார்கள்.

அதன்பிறகு வீட்டில் கறி இல்லை. முட்டை மட்டும் திருட்டுத்தனமாக. ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றி, நற்றிணை நோட்ஸ் இருக்கும் அதே கைப்பையில் வைத்துக் கொண்டுபோய், கல்லூரிக்கு வெளியே குப்பைத்தொட்டியில் போடுவேன். "யாராச்சும் கேட்டா நாம சைவம்னு சொல்லு பாப்பா" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளிடம் செய்முறை கேட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. பாடவேறுபாடு பார்க்க உட்கார்ந்துவிட்டேன். லோடட் ஃப்ரைஸ் என்பது பொரித்த உருளைக்கிழங்கின் மேல் இறைச்சி, உருக்கிய சீஸ், ஊறவைத்த மிளகாய், புளித்த க்ரீம் என்று ஏற்றிக்கொண்டே போவது. அதை டெக்ஸ்-மெக்ஸ் ஆக்குவது அந்த இறைச்சிதான். சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் மிளகாயும் கறியும், அவ்வளவே. 1977இல் டெக்சாஸ் அதைத் தன் மாநில உணவாக அறிவித்தது. அதில் பீன்ஸ் போடலாமா கூடாதா என்று அங்கே இன்றும் சண்டை. போட்டால் அது சில்லியே அல்ல என்பது டெக்சாஸ்காரர்களின் கட்சி. வைணவத்தில் வடகலை தென்கலை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சில்லியை ஊரறியச் செய்தவர்கள் சான் அன்டோனியோ நகரத்துப் பெண்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பொழுது சாய்ந்ததும் மெக்சிக வம்சாவளிப் பெண்கள் நகரின் சதுக்கங்களுக்கு வண்டியில் பாத்திரங்களோடு வந்து இறங்குவார்கள். விறகு மூட்டி, நீளமான மேசை போட்டு, விளக்கு வைத்து, இரவெல்லாம் சில்லி விற்பார்கள். மதுரைக்காஞ்சி நடத்தும்போது அல்லங்காடி என்று சொல்லிக் கடந்துபோகிறேனே, அப்படி ஒன்று. வண்டியோட்டிகள், சிப்பாய்கள், சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அந்த மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்திரிகைகள் அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் 'சில்லி குயீன்ஸ்', மிளகாய் ராணிகள். அவர்கள் கறியைப் பற்றி எழுதியதைவிட அவர்கள் கண்ணைப் பற்றியும் கூந்தலில் வைத்த பூவைப் பற்றியும்தான் அதிகம் எழுதினார்கள். இராணுவச் சதுக்கத்தில் நகராட்சிக் கட்டடம் எழும்பியபோது வேறு சதுக்கங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 1930களின் கடைசியில் சுகாதார விதிகள் வந்தன. திறந்தவெளியில் சமைப்பது சுத்தமில்லை என்றார்கள். 1940களின் தொடக்கத்தோடு அந்த மேசைகள் இல்லாமல் போயின.

இதே காலத்தில் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். 1890களில் அந்த நகரத்துக்குப் பக்கத்து ஊரான நியூ பிரான்ஃபெல்சில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி மிளகாயையும் சீரகத்தையும் சேர்த்து அரைத்துப் பாட்டிலில் அடைத்தார். சில்லிப் பொடி. அவர் பெயர் பாட்டிலிலேயே இருந்தது. 1940களில் எல்லைக்கு அந்தப்பக்கம் பியேத்ராஸ் நேக்ராஸ் ஊரில், பசியோடு வந்த அமெரிக்க இராணுவத்தாரின் மனைவிகளுக்காகச் சோளச் சில்லுகள் மேல் சீஸை உருக்கிக் கொடுத்தார் இக்னாசியோ அனாயா. இக்னாசியோவின் செல்லப்பெயர் நாச்சோ. பண்டத்துக்கே அவர் பெயராகிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல கைதான். ஆனால் அறுபது வருடம் ராத்திரி ராத்திரியாகச் சமைத்த அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டப்பெயர். ராணிகளாம்!

என் அம்மாச்சி துறையூர்ப் பக்கம் பணியாரக்கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு குழிக்கல், ஒரு பலகை. ஊருக்கு அவர் பணியாரக்காரம்மா. எங்களுக்கு அம்மாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அவர் கையால் வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் அவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்தவர்கள் இல்லை. சிலர் காசைப் பலகையில் வைத்துவிட்டு இலையோடு எடுத்துக்கொள்வார்கள், கை படாமல். பணியாரம் மட்டும் எப்படியோ தீட்டாகவில்லை. சுத்தம் என்ற சொல்லை யாராவது அடுப்பைப் பார்த்துச் சொன்னால் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வரும்.

சமையலுக்கு வருகிறேன். காந்தி மார்க்கெட்டில் பழைய கிழங்காகக் கேட்டு வாங்கினேன். புதுக்கிழங்கில் ஈரம் அதிகம், பொரித்தால் துவளும். குளிர்பதனக் கிடங்கில் கிடந்ததென்றால் இனிப்பேறி, வேகும் முன்னே கறுக்கும். விரல் கனத்தில் வெட்டி அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு மாவுச்சத்தைக் கழுவி, துணியில் ஒற்றி, மிதமான எண்ணெயில் நிறம் மாறாமல் ஒருமுறை, ஆறவைத்து நல்ல சூட்டில் இன்னொருமுறை பொரிக்க வேண்டும். கடைக்காரர்களின் மொறுமொறுப்பு அந்த இரண்டாவது முறையில்தான் இருக்கிறது.

மிளகாய்க்கு அங்கே ஆஞ்சோ. காரம் குறைந்து, லேசாக இனிப்பாக, கருஞ்சிவப்பாக இருக்குமாம். காஷ்மீரி மிளகாய் ஆறை வறுத்து ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டோடு அரைத்தேன். வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி. ஒரிகானோவுக்குப் பீட்சா பொட்டலத்தைத் தேட வேண்டாம். மெக்சிக ஒரிகானோ அதற்கு உறவே இல்லை, நம் உண்ணிச்செடிக் குடும்பம். கரீபியப் பக்கத்தில் நம் கற்பூரவல்லியைத்தான் ஒரிகானோ என்று போடுகிறார்கள். தொட்டியிலிருந்து நாலு இலை கிள்ளினேன். சீஸில் ஒரு ரகசியம்: விலை கூடிய செடார் உருகினால் எண்ணெய் பிரியும். டெக்சாஸ் உணவகங்களே சீஸ் குழம்புக்குப் பதப்படுத்திய சீஸைத்தான் நம்புகின்றன, அதிலுள்ள உப்புகள் பிரியவிடாது. நம் பெட்டிக்கடை அமுல் கட்டியைச் சிறுதீயில் கொஞ்சம் பாலோடு உருக்கினால் போதும். ஹாலபெனோவுக்குப் பதில் பஜ்ஜி மிளகாயை வட்டமாக நறுக்கி வினிகர், உப்பு, சர்க்கரையில் முந்தின நாளே ஊறவைத்தேன். புளித்த க்ரீமுக்குத் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். அம்மாவுக்கு ஃபோனில் இதையெல்லாம் வாசித்தேன். "கறி வறுவல்ல சீரகம் தூக்கலாப் போட்டா இதான், இதுக்கு எதுக்குடி அமெரிக்கா?" என்றார்.

கறி? அரைக்கிலோ மாட்டுக்கறி, கொத்தி வாங்கினேன். வீட்டுக்காரர்கள் அன்று தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், ராத்திரிதான் வருவார்கள். அந்தத் தைரியம்தான்.

வெங்காயத்தோடு கறியை வதக்கி, விழுதைப் போட்டு, தக்காளி சேர்த்து ஒருமணி நேரம் மூடி வைத்தேன். இரண்டு வருடம் கழித்து என் அடுப்பில் கறி கொதிக்கிறது. மகள் மூடியைத் திறந்து திறந்து முகர்ந்தாள். தட்டில் அடுக்கி முடித்து அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே கேட் சத்தம் கேட்டது. நாலு மணிக்கே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். எழுபது வயது. நல்ல மனுஷிதான், வெள்ளிக்கிழமை தோறும் சுண்டல் கொண்டுவருவார். வீட்டுக்கார அம்மா என்கிறேனே தவிர வீடு அவர் பெயரில் இல்லை. பால் காசுக்கும் அவர் கணவரிடம்தான் கை நீட்ட வேண்டும்.

"என்னடி வாசனை, தெருமுனை வரைக்கும் கமகமங்குது?"

நான் வாயைத் திறக்கும் முன் மகள் முந்திக்கொண்டாள். "மீல்மேக்கர் பாட்டி. மெக்சிகோ ஸ்டைல். எனக்குப் பர்த்டே."

"எனக்குக் கொஞ்சம் குடேன்."

"இதுல பூண்டு ஜாஸ்தி பாட்டி, உங்களுக்கு ஒத்துக்காது. வெறும் கிழங்கு தர்றேன் இருங்க." தனித்தட்டு எடுத்து, எதுவும் படாத கிழங்கு பத்துப் பன்னிரண்டை வைத்து, உப்புத் தூவிச் சிரித்துக்கொண்டே நீட்டினாள். அவர் நின்றபடியே தின்றுவிட்டு, ஆசீர்வாதம் பண்ணிவிட்டு இறங்கினார்.

பொய்யும் காப்பாற்றப்பட்டது, அவர் விரதமும் காப்பாற்றப்பட்டது. ஒரு இடத்திலும் தடுமாற்றமில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பதினான்கு வருடம் ஒரு வீட்டில் "ஒண்ணுமில்லங்க, சும்மாதான் உக்காந்திருந்தேன்" என்று நான் சொன்ன குரல். அந்த வீட்டைவிட்டு நான் வெளியே வந்ததே அந்தக் குரலிலிருந்து வெளியே வரத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பெட்டியோடு எடுத்து வந்து மகளிடம் கொடுத்திருக்கிறேன். "எப்படிம்மா? சமாளிச்சேன்ல?" என்றாள். நன்றாகத்தான் சமாளித்தாள். நான் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சீஸ் ஆறி இறுகியது.

மறுவாரம் வீடு தேடத் தொடங்கினேன். இந்தமுறை ஃபோனில் முதல் வாக்கியமே, "நானும் பொண்ணும் மட்டும்தான். மாட்டுக்கறி சமைப்போம்." பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் பெருந்தன்மையாக, "பரவால்லம்மா, வெளிய தெரியாமப் பாத்துக்கங்க" என்றார். அந்த வீடு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நாலு மாதம் ஆயிற்று. கடைசியில் கிடைத்தது 2,500 ரூபாய் வாடகை கூடிய, பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிடம் நடக்க வேண்டிய வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நர்ஸ். என் முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, "தண்ணி காலைல ஆறுலேருந்து எட்டு வரைக்கும்தான் வரும், அது பரவால்லயா?" என்றார்.

காலி செய்த அன்று பழைய வீட்டுக்கார அம்மா குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார். "அந்த மெக்சிகோ கிழங்கு எப்படிப் பண்றதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போடி" என்றார். சாமான் வண்டி வாசலில் நின்றது. மகள் என் முகத்தையே பார்த்தாள். உருளைக்கிழங்கு ஒரு கிலோ, காஷ்மீரி மிளகாய் ஆறு, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். மீல்மேக்கர் 200 கிராம் என்றும் எழுதினேன்.